பூச்சி முதல் யானை வரை: பெங்களூரு சூழலியல் அறிவியல் மையத்தில் என்னதான் ஆராய்கிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

உயிரியல் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டேன்: பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம். முதுமலைக் காடு, நீலகிரிப் புல்வெளி, ஓசூரைத் தொட்டு ஓடுகிற தென்பெண்ணை என்று தமிழ்நாட்டோடு இந்த மையத்துக்கு நிறையவே தொடர்பு உண்டு.

இந்த மையத்தை யார், எப்போது தொடங்கினார்கள்?

இந்திய அறிவியல் கழகம் 1909-இல் உருவானது. பெங்களூருக்காரர்கள் பலர் இன்றும் அதை 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்றே சொல்கிறார்கள். அதற்குள் 1983-இல் மாதவ் காட்கில் தொடங்கியதுதான் இந்த மையம். புனேக்காரரான காட்கில், ஹார்வர்டில் கணிதச் சூழலியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு கையில் சமன்பாடு, இன்னொரு கையில் கோயில் காடுகளைப் பற்றிக் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டெழுதிய குறிப்பு என்று வேலை செய்தவர். மையத்தில் இன்றும் இந்த இரண்டு குணங்களையும் பார்க்கலாம்.

ஒவ்வொரு விஞ்ஞானியின் பெயருக்குக் கீழும் 'ஆய்வு ஆர்வங்கள்' என்று நாலைந்து சொற்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

நடத்தைச் சூழலியல், விலங்கு ஒலியியல், பரிணாமம், காடுகளின் இயக்கவியல் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அந்தச் சொற்களை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கும், அதைத் தேடுங்கள். 'பூச்சிகளின் சமூக வாழ்க்கை' என்று இருந்தால், அதற்கடியில் 'ஒரு குளவி தான் முட்டையிடாமல் இன்னொன்றின் புழுக்களை ஏன் வளர்க்கிறது?' என்று இருக்கும். 'வெப்பமண்டலக் காடுகளின் இயக்கவியல்' என்று இருந்தால், 'இந்தக் காட்டில் எந்த மரம், எந்த வருஷம், எதனால் செத்தது?' என்று இருக்கும். கேள்வி தெரிந்துவிட்டால் அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கேள்வியோடு அவர் எத்தனை வருஷம் இருந்திருக்கிறார்? சூழலியலில் ஒரு விஞ்ஞானியை மதிப்பிட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. மரம் மெதுவாக வளர்கிறது. யானை ஐம்பது அறுபது வருஷம் வாழ்கிறது. மழை சில வருஷம் பொய்த்துவிட்டு ஒரு வருஷம் கொட்டித் தீர்க்கிறது. மூன்று வருஷத் திட்டப் பணத்தை வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் பார்த்து முடிக்க முடியாது. கீழே வருகிற வேலைகளில் பல, ஒருவர் தன் பணிக்காலம் முழுவதையும் கொடுத்தவை.

முதுமலைக் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டிருக்கிறார்களாமே, எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1988-இல் ராமன் சுகுமாரின் குழு முதுமலைக்குள் ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம் என்று 50 ஹெக்டேரை அளந்து எடுத்தது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், ஒரு சென்டிமீட்டர் விட்டமாவது இருக்கிற எல்லா மரத்தையும் புதரையும் இனம் கண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் தகடு மாட்டி, அது நிற்கிற இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். முதல் கணக்கெடுப்பிலேயே இருபத்தையாயிரத்துக்கும் மேல் தேறியது. இனங்கள் என்று பார்த்தால் எழுபதை ஒட்டி. தேக்கும் வெண்தேக்கும் கருமருதும் நிறைந்த வறண்ட இலையுதிர்காடு அது.

அதோடு விடவில்லை. எது செத்தது, எது புதிதாக ஒரு சென்டிமீட்டரைத் தொட்டது என்று வருஷா வருஷம் போய்ப் பார்க்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிற எல்லாவற்றையும் மறுபடி அளக்கிறார்கள். யானை தகட்டைப் பிய்த்துப் போட்டிருக்கும், தீ வந்து போயிருக்கும். மாற்றுத் தகடு போட்டு, வரைபடத்தோடு ஒப்பிட்டு, இது அதே மரம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். உண்ணி ஏறும், முள் கிழிக்கும், யானை வந்துவிட்டால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். காட்டோடு வளர்ந்த உள்ளூர்க்காரர்களின் கண்ணும் காதும் இல்லாமல் இந்த வேலை ஒரு நாள்கூட நடக்காது.

இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிந்தது? ஒரு விஷயத்தை மட்டும் விளக்குகிறேன். மழை குறைந்த வருஷத்தில் மரங்கள் சாகும் என்றுதான் யாரும் நினைப்போம். பத்தொன்பது வருஷக் கணக்கை அடுக்கிப் பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது. வறட்சியின் அடி மரங்களில் இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. மரம் உடனே விழுவதில்லை, நலிந்து நின்று பிறகு சாகிறது. வறட்சி வந்த வருஷம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு 'காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று ஒருவர் அறிக்கை எழுதினால், அவர் அளந்தது அத்தனையும் சரியாக இருக்கும். முடிவு மட்டும் தப்பாக இருக்கும்.

யானையின் கைவரிசையும் இதே கணக்கில் பதிவாகியிருக்கிறது. யானைக்குப் பிடித்தமான கிடியா காலிசினா என்ற சிறு மரமும் வலம்புரிச் செடியும் இந்தப் பரப்பில் வேகமாகக் குறைந்துபோயின. சிறு தண்டுகள் நிறையச் சாவதற்கு யானையும் தீயும்தான் பெரும் காரணம். பெரிய மரங்கள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. தீயில் மேல்பாகம் கருகிப்போன கன்று, வேரிலிருந்து மறுபடி துளிர்ப்பதும் உண்டு. நடுவில் உண்ணிச்செடி எப்படிப் பரவிப் புதிய கன்றுகளுக்கு இடமில்லாமல் செய்கிறது என்பதையும் தனியாகப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பெரும் பரப்பு முதலில் 1980-இல் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் தொடங்கியது. இப்போது உலகெங்கும் இருக்கிறது. இலங்கையில் சிங்கராஜாக் காட்டில் 25 ஹெக்டேர் உண்டு. முதுமலைப் பரப்பில் பாதிதான் அது, ஆனால் அங்கே மர இனங்கள் இருநூறுக்கு மேல். ஈரக்காட்டுக்கும் வறண்ட காட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே தெரிகிறது. எல்லா இடத்திலும் ஒரே முறையில் அளப்பதால் பனாமாவின் மரச்சாவையும் முதுமலையின் மரச்சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

சுகுமார் யானை விஞ்ஞானி என்றல்லவா கேள்விப்பட்டோம்?

ஆமாம், அவர் தொடங்கியதே யானையில்தான். 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்து, வயலுக்குள் எந்த யானை வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுத்தார். குட்டிகளோடு போகிற பெண் யானைக் கூட்டங்களைவிட, வளர்ந்த ஆண் யானைகள் வயலுக்கு வருவது பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

ஏன்? காட்டுப் புல்லைவிடக் கதிர் பிடித்த ராகியில் புரதமும் உப்புச்சத்தும் கூடுதல். தின்றால் உடம்பு தேறும். ஆண் யானைக்கு உடம்புதான் இணை தேடும் போட்டியில் ஆயுதம், அதனால் உயிருக்கு ஆபத்து என்றாலும் துணிந்து வருகிறது. குட்டியை வைத்திருக்கிற தாய்க்கு அந்தத் துணிச்சல் கட்டுப்படியாகாது. காட்கிலும் சுகுமாரும் இதை 1988-இல் எழுதினார்கள். 'யானை ஊருக்குள் புகுந்து அட்டகாசம்' என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த விளக்கத்தை யாராவது இரண்டு வரியாவது சேர்க்கமாட்டார்களா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும். யானை வெறிபிடித்து வருவதில்லை. எது கிடைக்கும், எது போகும் என்று பார்த்துத்தான் வருகிறது. வேலியும் அகழியும் காவலும் எங்கே, எந்த யானையை மனதில் வைத்துப் போட வேண்டும் என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

நீலகிரிப் புல்வெளிகள் காட்டை அழித்ததால் வந்தவையா?

அப்படி ஒரு கருத்து ரொம்ப நாளாக இருந்தது. சுகுமாரும் அவரோடு வேலை செய்தவர்களும் நீலகிரியின் சதுப்புகளில் படிந்திருக்கும் கரிமண்ணைத் துளைத்து எடுத்து, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகைகளை, பார்த்தார்கள். மரங்களும் குளிர்ப்பகுதிப் புற்களும் ஒரு விகிதத்திலும், வறட்சியைத் தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் வேறு விகிதத்திலும் கார்பனைச் சேர்க்கும். அதனால் எந்தக் காலத்தில் எது செழித்தது என்று அடுக்கடுக்காகப் படித்துவிடலாம். 1993-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பனிக்காலத்தின் உச்சத்தில், அங்கே வறட்சியும் புல்லும்தான் மேலோங்கி இருந்தன. மலையுச்சிப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகை மரமும் தைல மரமும் நட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

குளவியைப் போய் நாற்பது வருஷம் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ராகவேந்திர கதக்கர் பிஎச்.டி. செய்தது மூலக்கூறு உயிரியலில். ஆனால் ஜன்னல் சட்டத்திலும் கூரை ஓரத்திலும் கூடு கட்டுகிற காகிதக் குளவிகள் மேல்தான் அவருக்குக் கண். கடைசியில் அதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். அந்தக் குளவியின் பெயர் ரோபாலிடியா மார்ஜினேட்டா. தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படுவது. மரநாரை மென்று காகிதம் மாதிரி ஆக்கி, சுற்றிலும் உறை எதுவும் இல்லாமல் அறைகளாக அடுக்கிக் கட்டும். உறை இல்லாததால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும்.

முதல் வேலை, ஒவ்வொரு குளவியின் உடம்பிலும் வெவ்வேறு நிறத்தில் சிறு பெயின்ட் புள்ளி வைத்து அடையாளம் கொடுப்பது. பிறகு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து யார், எப்போது, என்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் எழுதுவது. இப்படிச் சேர்த்த தகவலைப் புள்ளியியல் முறையில் பிரித்துப் பார்த்தபோது குளவிகள் மூன்று வகையாகப் பிரிந்தன: பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவை, சண்டைக்காரர்கள், இரை தேடப் போகிறவை. சரி, ராணி எந்த வகை? சண்டைக்காரியாகத்தானே இருக்கும் என்று தோன்றும். இல்லை, அது உட்கார்ந்தே இருக்கிற வகை. யாரையும் அடிப்பதில்லை, விரட்டுவதில்லை. பார்த்தால் கூட்டிலேயே பரம சாது.

அப்படியானால் மற்றவை ஏன் முட்டையிடாமல் அடங்கி இருக்கின்றன? ராணியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் ஒரே ஒரு தொழிலாளிக் குளவி மட்டும் ஆக்ரோஷமாக மாறி மற்றவற்றை அடிக்கத் தொடங்கியது. ராணியைத் திருப்பி வைத்தால் அது பழையபடி அடங்கிவிடுகிறது. திருப்பி வைக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாந்தமாகி, ஒரு வாரம் போல ஆனதும் முட்டையிடுகிறது. அதுதான் புது ராணி. அதையும் எடுத்துவிட்டால் இன்னொன்று வருகிறது. ஐந்து வாரிசுகள் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மற்ற குளவிகள் எந்தத் தகராறும் இல்லாமல் ஏற்றுக்கொண்டன. அடுத்தது யார் என்று குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்களுக்குத்தான் ராணியை எடுக்கும்வரை தெரியவில்லை.

ராணி தன் இருப்பைத் தெரிவிப்பது வாசனையால். அதன் உடம்பிலுள்ள டூஃபூர் சுரப்பியின் சாறுதான் செய்தி. ராணி இல்லாத கூட்டில் அந்தச் சாற்றைக் காட்டினால் வாரிசின் ஆக்ரோஷம் தணிகிறது.

பெரிய கேள்வி இன்னும் பாக்கி. ஏன் மற்றொன்றின் பிள்ளைகளை வளர்க்க வேண்டும்? சகோதரிகள் என்பதால் என்பது பழைய விடை. ஆனால் இந்த இனத்தில் ராணி பல ஆண்களோடு இணைகிறது, ராணிகளும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். உறவு நீர்த்துப்போகிறது. அதனால் கதக்கர் இன்னொரு காரணத்தையும் சேர்த்தார். முட்டை வளர்ந்து குளவியாக வெளிவர ஆகும் காலத்தைவிட ஒரு தொழிலாளிக் குளவியின் சராசரி ஆயுள் குறைவு. தனியாகக் கூடு கட்டிய தாய் பாதியில் செத்தால் எல்லாம் வீண். கூட்டத்தோடு இருந்தால், பாதி வளர்த்துவிட்டுச் செத்தாலும் மீதியை இன்னொன்று வளர்க்கும். செய்த உழைப்பு வீணாவதில்லை. கூடி வாழ்வது எப்படித் தோன்றியிருக்கும் என்ற கேள்விக்கு இது ஒரு முக்கியமான பங்களிப்பு. இந்த வேலைக்குத் தேவைப்பட்டதும் பெரும்பாலும் பெயின்ட், நோட்டு, பொறுமை மட்டும்தான். விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் ஆராய்ச்சியே இல்லை என்று நினைக்கிற நம் ஊர்க் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சிகளின் சத்தத்தை ஆராய்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. ரோகிணி பாலகிருஷ்ணனின் குழு சுவர்க்கோழி, வெட்டுக்கிளி வகைகளின் ஒலியில் வேலை செய்கிறது. அதில் ஒன்றை யாரிடம் சொன்னாலும் இரண்டாம் முறை கேட்கிறார்கள். செடிகளில் வாழும் ஒரு சிறிய சுவர்க்கோழி, ஈகாந்தஸ் ஹென்றி. ஆண் பாடும், பெண் ஒலி வருகிற திசையில் போகும். சில ஆண்கள் ஓர் இலையின் நடுவில் துளை போட்டு, அதில் தலையையும் உடம்பையும் நுழைத்து, சிறகுகளை இலைப்பரப்போடு ஒட்டி விரித்துக்கொண்டு பாடுகின்றன. இலை ஒலியைச் சிதறவிடாமல் தடுப்பதால் சத்தம் கூடுகிறது. பூச்சி தானே கருவி செய்துகொள்கிறது.

இவ்வளவு நல்ல உத்தி என்றால் எல்லா ஆணும் செய்ய வேண்டுமே? செய்வதில்லை. உடம்பு சிறியவையும் குரல் மெலிந்தவையும்தான் அதிகமாகச் செய்கின்றன. இலையின் உதவியால் அவை பெரிய ஆண்கள் அளவுக்குப் பெண்களை ஈர்த்துவிடுகின்றன. 2020-இல் வெளிவந்த ஆய்வு இது.

இதே குழு மேற்குத் தொடர்ச்சி மலையில் வௌவால்கள் தின்று உதிர்த்த வெட்டுக்கிளிச் சிறகுகளைப் பொறுக்கிக் கணக்கிட்டது. சத்தம் போடுகிற ஆண்தான் அதிகம் மாட்டும் என்பது எதிர்பார்ப்பு. சிறகுகளில் பெண்களுடையவைதான் அதிகம். பாடுகிறவனைத் தேடிப் பறந்து போகிறவளுக்குத்தான் ஆபத்து.

வேறு என்னென்ன வேலைகள் நடக்கின்றன?

ரெனே போர்ஜஸ் அத்தி மரத்தையும் அதற்குள் நுழையும் சின்னஞ்சிறு குளவியையும் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார். மரியா தாக்கரின் குழு பெங்களூருவின் பாறை ஓணான்களைப் பார்க்கிறது. ஊருக்கு வெளியே பளிச்சென்று நிறம் மாற்றும் ஆண்கள், நகரத்துக்குள் மங்கலாகத்தான் காட்டுகின்றன. சுமந்த பாக்சி இமயத்தின் ஸ்பிதியில் வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்த நிலத்தையும் தடுக்காத நிலத்தையும் பதினாறு ஆண்டு ஒப்பிட்டார். மேய்கிற விலங்கு இல்லாவிட்டால் மண்ணிலுள்ள கார்பன் நிலையில்லாமல் ஏறி இறங்குகிறது என்று தெரிந்தது.

கார்த்திக் சங்கர் கடலாமையும் தவளையும் ஆராய்கிறவர். சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் அமைப்பு 1988-இல் தொடங்கியபோது அதில் இருந்தவர். அவரும் எஸ்.பி. விஜயகுமாரும் மற்றவர்களும் சேர்ந்து 2019-இல் விவரித்த ஒரு தவளை, ஆஸ்ட்ரோபட்ராக்கஸ் குறிச்சியானா. வயநாட்டின் குறிச்சியார்மலையில் கிடைத்தது. கட்டைவிரல் நுனியளவு, உடம்பெங்கும் வெளிர்நீலப் புள்ளிகள், அடிவயிறு ஆரஞ்சு நிறம். மரபணுவைப் பார்த்தால் தன் நெருங்கிய உறவுகளிடமிருந்து பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. அதற்கென்று தனிப் பேரினமே உருவாக்க வேண்டியிருந்தது. மலையை ஒட்டி வாழும் குறிச்சியர் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இதனாலெல்லாம் சாதாரண மக்களுக்கு என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. எல்லா ஆராய்ச்சிக்கும் உடனடிப் பலன் கேட்கக்கூடாது என்பது என் கருத்து. ஆனாலும் பலன் கண்ணுக்குத் தெரிகிற இடங்கள் உண்டு.

கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோல் பொங்கி வயலுக்குள் பறக்கிற காட்சியை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையின் தொடக்கம் பெங்களூருவில். நகரின் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தட்சிண பினாகினி, அதுதான் ஓசூர்ப் பக்கம் நம் தென்பெண்ணையாக வருகிறது. மையத்தின் டி.வி. ராமச்சந்திராவின் குழு இந்த ஏரிகளை நீண்டகாலமாக அளந்து வருகிறது. சுத்திகரிக்காத சாக்கடையோடு வரும் சோப்புத்தூளின் வேதிப்பொருளும் பாஸ்பேட்டும் ஏரியில் சேர்கின்றன. மதகில் தண்ணீர் விழுந்து கலங்கும்போது நுரைக்கிறது. பெல்லந்தூரில் ஏரியே தீப்பற்றிப் புகைந்ததும் நடந்தது. எந்த ஏரியில் எவ்வளவு கழிவு எங்கிருந்து வருகிறது என்ற அளவீடு இல்லாமல் எந்த நீதிமன்றத்திலும் எந்த விவசாயியாலும் வாதாட முடியாது.

இன்னொன்று மூங்கில். 1970-களில் கர்நாடகத்தில் மூங்கில் குறைகிறது என்று பிரச்சினை வந்தபோது காட்கில் போய்ப் பார்த்தார். மூங்கில் தூரைச் சுற்றியுள்ள முட்பின்னலை வெட்டிச் சுத்தம் செய்தால் நன்றாக வளரும் என்பது வனத்துறையின் எண்ணம். ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: முள் போனால் ஆடுமாடும் காட்டு விலங்கும் குருத்தைத் தின்றுவிடும். ஆய்வு செய்ததில் ஊர்க்காரர்கள் சொன்னதுதான் சரி. அந்த அனுபவம் அவரைவிட்டுப் போகவில்லை. ஊராரே தங்கள் செடிகொடி, மீன், மருந்து பற்றி எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை அவர் முன்னெடுத்தார். 2002-இன் உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் அது உள்ளாட்சிகளின் பொறுப்பாகவே ஆனது. 2011-இல் அவர் தலைமையிலான குழு கொடுத்த மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையும், எதைக் காப்பது என்பதைக் கிராம சபைகளிடம் கேட்டு முடிவு செய்யச் சொன்னது. அதற்கு வந்த எதிர்ப்பு ஊரறிந்தது. 2024 ஜூலையில் வயநாட்டு மலை சரிந்தபோது எல்லோரும் மறுபடி அந்த அறிக்கையைத் தேடிப் படித்தார்கள்.

சேருவதற்கு என்ன படித்திருக்க வேண்டும்?

பிஎச்.டி.க்கு முதுநிலைப் பட்டமோ பொறியியல் பட்டமோ வேண்டும். நெட், கேட் போன்ற தேசியத் தேர்வு ஒன்றில் தேறி, பிறகு நேர்காணல். பி.எஸ்சி. முடித்தவர்கள் ஜாம் தேர்வு எழுதி ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு முயலலாம். விலங்கியல், தாவரவியல் படித்தவர்கள்தான் வர வேண்டும் என்றில்லை. இயற்பியலிலிருந்தும் பொறியியலிலிருந்தும் வருகிறார்கள். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது இது: முதலில் திட்ட உதவியாளராக ஒரு வருஷம் வேலை பாருங்கள். களம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதும்போது 'எனக்கு இயற்கை பிடிக்கும்' என்று எழுதாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டு, அதில் உங்களுக்குப் புரியாததைக் கேட்டு எழுதுங்கள்.

கணக்கு வராது, காட்டில் மட்டும் வேலை செய்தால் போதுமா?

போதாது. களத்தில் இருக்கும் நாட்களைவிடக் கணினியின் முன் இருக்கும் நாட்கள் அதிகமாகவே இருக்கும். புள்ளியியல் கட்டாயம் வேண்டும். பயப்பட வேண்டாம், தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம். ஆனால் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்றால் கஷ்டம்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பலாமா?

மேலே சொன்ன பெயர்களையே இன்னொரு முறை பாருங்கள். ரோகிணி பாலகிருஷ்ணன், ரெனே போர்ஜஸ், மரியா தாக்கர் மூவரும் பெண்கள். அவர்களிடம் படித்து, காட்டிலும் வயலிலும் இரவெல்லாம் வேலை செய்த மாணவிகள் ஏராளம். பாதுகாப்பைப் பற்றிக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும்: தங்குமிடம் எப்படி, கூட யார் வருவார்கள், வண்டி உண்டா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று. மகனை அனுப்பும்போதும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். இதை மறைத்துப் பேசக்கூடாது. பாதுகாப்பு அமைப்புகள், வனத்துறையோடு இணைந்த திட்டங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை, தரவுப் பகுப்பாய்வு என்று மற்ற வழிகளில் போகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். சம்பளத்தை மட்டும் பார்த்தால் இது முதல் தேர்வு ஆகாது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இப்படிப்பட்ட இடங்கள் இல்லையா?

இருக்கின்றன. கோவை ஆனைக்கட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம். வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். கடலும் கழிமுகமும் அலையாத்திக் காடும் பிடிக்கும் என்றால் அதைவிட நல்ல இடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே பிச்சாவரம். சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, வால்பாறையில் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டெடுக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை. தமிழகத்துக்கு வெளியே என்றாலும் எட்டிவிடும் தூரத்தில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம்.

பள்ளியில் படிக்கிற பிள்ளை இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் வீட்டருகே உள்ள ஒரு மாமரத்தையோ வேம்பையோ சரக்கொன்றையையோ பதிவு செய்துகொண்டு, வாரம் ஒருமுறை அதில் தளிர், பூ, காய், பழம் எந்த அளவில் இருக்கிறது என்று குறித்து அனுப்பலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை 'ஈபேர்ட்' தளத்தில் ஏற்றினால் போதும், காக்கை, மைனா மட்டும் என்றாலும் சரி. ஜன்னலில் குளவிக்கூடு இருந்தால் உடனே எரிக்காமல், கை வைக்காமல், சற்றுத் தள்ளி நின்று பத்து நாள் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்: இன்று எத்தனை குளவி, எத்தனை அறை, எத்தனை அறையில் வெள்ளை மூடி என்று. வெள்ளை மூடி போட்ட அறைக்குள் கூட்டுப்புழு இருக்கிறது. வீட்டில் யாருக்காவது குளவிக் கடி ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் இதை விட்டுவிட்டு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.